ஏர் ரைஃபிளுக்கு எந்தப் பெல்லட்? கடலூர், புதுச்சேரியில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

புதிதாக ஏர் ரைஃபிள் வாங்குகிறவர்கள் துப்பாக்கியைப் பற்றி மாதக்கணக்கில் விசாரிப்பார்கள். எந்தக் கம்பெனி, எந்த மாடல், தோளில் அணைக்கும் ஸ்டாக் மரத்திலா அலுமினியத்திலா, குறி பார்க்கும் சைட் எப்படி என்று ஒன்று விடாமல் கேட்பார்கள். எல்லாம் முடிந்து பில் போடும் நேரத்தில், "அப்படியே ஒரு டப்பா பெல்லட்டும் போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார்கள். எந்தப் பெல்லட் என்று கேட்பவர் அரிது. ஆனால் குறி அட்டையில் போய்த் துளை போடுவது அந்த அரை கிராம் ஈயம்தான். அது சரியில்லை என்றால் விலை உயர்ந்த ஸ்டாக்கும் சைட்டும் இருந்து பயனில்லை.

இதில் நான் சொல்ல வருவது ஒன்றுதான். பெல்லட்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்கள் ரைஃபிளின் பேரலுக்கு, அதாவது குழலுக்குத்தான் உண்டு. ஒரே கம்பெனி, ஒரே மாடல், அடுத்தடுத்த சீரியல் எண் உள்ள இரண்டு ரைஃபிள்கள்கூட வேறு வேறு பெல்லட்டை விரும்பும். நாம் செய்ய வேண்டியது, நம் தேவைக்கு ஒத்துவரும் மூன்று நான்கு வகைகளைப் பொறுக்கி எடுத்து, பேரலுக்குக் கொடுத்துப் பார்த்து, அது என்ன சொல்கிறது என்று அளந்து தெரிந்துகொள்வது. அதை எப்படிச் செய்வது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் சட்டம்

"வேட்டைக்கு எந்தப் பெல்லட் நல்லது அண்ணே?" என்று கேட்கும் தம்பிகள் இன்னும் இருக்கிறார்கள். பதில் சுருக்கமானது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டில் வேட்டை கிடையாது. ஊசுட்டேரிக்கோ வீராணத்துக்கோ வரும் பறவையாக இருந்தாலும் சரி, வயலில் இறங்கும் கொக்காக இருந்தாலும் சரி, ஏர் கன்னால் சுட்டாலும் அது குற்றம்தான். பெல்லட் டப்பாவின் மேல் முயல் படமும் புறா படமும் போட்டு விற்பது வெளிநாட்டுச் சந்தைக்காக. அந்த வகைகளை நீங்கள் பார்க்கவே வேண்டாம். நாம் பேசுவது அட்டையைச் சுடுவது பற்றி. அதிலேயே ஒரு ஆயுளுக்குப் போதுமான வேலை இருக்கிறது. உலகக் கோப்பையில் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் 2019இல் தங்கம் வென்ற இளவேனில் வாலறிவன் கடலூரில் பிறந்தவர். அவர் டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக் இரண்டுக்கும் போனது இந்தச் சின்ன ஈயக் குண்டை வைத்துத்தான்.

அடுத்தது உரிமம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளும் மத்திய அரசுடையவை. ஆகவே கடலூருக்கும் புதுச்சேரிக்கும் ஒன்றுதான். 4.5 மில்லிமீட்டர், அதாவது .177 அளவுள்ள, 20 ஜூலுக்குக் குறைவான ஆற்றல் கொண்ட ஏர் ரைஃபிளுக்கு உரிமம் வேண்டியதில்லை. அடுத்த அளவான 5.5 மில்லிமீட்டர் ஏர் ரைஃபிளுக்கு உரிமம் வேண்டும். கடையில் பதினெட்டு வயது நிரம்பியதற்கு அடையாள அட்டை கேட்பார்கள். மகனுக்கோ மகளுக்கோ வாங்குவதானால் பெற்றோர் பெயரில் வாங்கி, பெற்றோர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் சுடவிட வேண்டும். பில்லைப் பத்திரமாக வையுங்கள். ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் வண்டியை நிறுத்திப் பையைத் திறக்கச் சொல்வது சகஜம். அவர்கள் தேடுவது பாட்டிலாக இருந்தாலும் கண்ணில் படுவது துப்பாக்கி என்றால் கேள்வி வரத்தான் செய்யும். பூட்டிய உறையில் ரைஃபிள், தனியாகப் பெல்லட், கையில் பில் நகல் என்று இருந்தால் பேச்சு அதிகம் வளராது.

கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தவர்கள் முகாமில் .22 ரைஃபிள் சுட்டிருப்பார்கள். அந்த நினைப்பில் நேராக அதற்கே போக ஆசைப்படுவார்கள். அது வெடிமருந்து அடைத்த தோட்டா. உரிமம், கிளப், சேமிப்பு என்று எல்லாமே வேறு. 4.5 மில்லிமீட்டரில் கற்ற கை அங்கேயும் உதவும் என்பதால் இங்கிருந்தே தொடங்குங்கள்.

எதைச் சுடப் போகிறீர்கள்?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டாலே கடையில் இருக்கும் டப்பாக்களில் முக்கால்வாசி கழிந்துவிடும்.

பத்து மீட்டரில் அட்டை என்றால், தட்டைத் தலைப் பெல்லட். வேறு யோசனையே வேண்டாம். தட்டைத் தலை அட்டையைப் பஞ்சிங் மெஷின் போலச் சுத்தமாக வெட்டிக்கொண்டு போகும். வட்டமான தலை உள்ளது காகிதத்தைக் கிழித்து விலக்கிக்கொண்டு போகும். துளையின் ஓரம் நைந்துபோய், மதிப்பெண் ஒன்பதா பத்தா என்று சண்டை வரும். போட்டிகளில் எல்லோரும் தட்டைத் தலையே பயன்படுத்துவதற்கு இதுதான் காரணம்.

தென்னந்தோப்பில் இருபத்தைந்து மீட்டருக்கு மேல் தகர டப்பா, இரும்புத் தகடு என்று சுட நினைத்தால், வட்டத் தலை. தட்டைத் தலை காற்றை முட்டிக்கொண்டு போவதால் சீக்கிரம் வேகம் இழக்கும். தூரம் கூடக் கூட அலையும். வட்டத் தலை அதைவிட நிதானமாகப் போகும்.

கூர்த்தலை, குழித்தலை என்று இன்னும் இரண்டு உண்டு. நம் வேலைக்கு இரண்டும் தேவையில்லை. கூர்முனை டப்பாவுக்குள் உருளும்போதே மழுங்கிவிடும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி மழுங்கினால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்துக்குப் போகும். எஃகுக் குண்டுகளை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் நல்ல பேரலில் போடாதீர்கள். உள்ளே இருக்கும் சுருள் பள்ளங்கள் மென்மையான ஈயத்துக்காக வெட்டியவை, எஃகு அவற்றைத் தேய்த்துவிடும். சில்வர் பீச்சில் பலூன் சுடும் துப்பாக்கிக்கு எதைப் போட்டாலும் ஓடும், அங்கே பேரலில் கெடுவதற்கு ஒன்றும் மிச்சம் இருக்காது.

ரைஃபிள் எந்த வகை?

ஸ்பிரிங் ரைஃபிளில் பேரலை மடக்கினால் உள்ளே ஸ்பிரிங் சுருங்கும். விசையை இழுத்ததும் பிஸ்டன் முன்னால் பாய்ந்து காற்றை அழுத்தும். அந்தக் காற்றுதான் பெல்லட்டைத் தள்ளும். பெல்லட் ரொம்ப லேசாக இருந்தால் காற்று தேங்கிப் பிஸ்டனைத் தடுப்பதற்குள் பெல்லட் கிளம்பிவிடும். பிஸ்டன் போய் முட்டும். நாளாக நாளாக ஸ்பிரிங்கும் சீலும் கெடும். அதனால் ஆற்றல் அதிகமான ஸ்பிரிங் ரைஃபிளுக்கு, வேகத்தைப் பெரிதாக எழுதி விற்கும் லேசான அலாய் பெல்லட் ஆகாது. எட்டு கிரெய்னை ஒட்டிய எடை பொதுவாகச் சரிப்படும். ஒரு கிரெய்ன் என்பது 0.0648 கிராம், ஆக எட்டு கிரெய்ன் அரை கிராமை ஒட்டி வரும்.

காற்றுச் சிலிண்டர் வைத்த பி.சி.பி. ரைஃபிளில் இந்த முட்டல் இல்லை. போட்டி ரைஃபிள்கள் இன்று பெரும்பாலும் இந்த வகைதான். அவற்றில் பெல்லட் வினாடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில் கிளம்பும். பழக்கமான எடை 8.2 கிரெய்ன், அதாவது 0.53 கிராம். கணக்குப் போட்டால் ஆற்றல் எட்டு ஜூலைக்கூடத் தொடாது. சட்டம் 20 ஜூல் வரை விடுகிறதே, போட்டிக்காரர்கள் ஏன் எட்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பத்து மீட்டருக்கு அது போதும், ரைஃபிளும் அசையாமல் இருக்கும். அந்த வேகத்தில் பத்து மீட்டருக்குள் பெல்லட் இறங்குவது ஏறக்குறைய ஒன்றே முக்கால் சென்டிமீட்டர். சைட்டைத் திருப்பினால் அது சரியாகிவிடும். வேகத்தைக் கூட்டுவதால் அட்டையில் ஒரு புள்ளியும் கூடாது. "இது எத்தனை எஃப்.பி.எஸ்.?", அதாவது வினாடிக்கு எத்தனை அடி வேகம் என்ற கேள்வியை விட்டுவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். பெல்லட் ஒலியின் வேகத்தை நெருங்கினால் தள்ளாட ஆரம்பிக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவைக்கிறேன்.

தலையின் அளவு

டப்பாவில் 4.5 என்று பொதுவாகப் போட்டிருந்தாலும், நல்ல போட்டிப் பெல்லட்டுகளில் தலையின் விட்டத்தைத் தனியாக அச்சிட்டிருப்பார்கள். 4.48, 4.49, 4.50, 4.51, 4.52 என்று போகும். நூறில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்துக்கு என்ன பெரிய மரியாதை என்று தோன்றும். பேரலின் உள்பள்ளத்தைத் தலை மெல்லத் தொட்டுக்கொண்டு போக வேண்டும். சின்னதாக இருந்தால் உள்ளே ஆடிக்கொண்டே போகும். பெரிதாக இருந்தால் நசுங்கிப் போகும். இரண்டிலும் துளைகள் சிதறும்.

கையால் ஓரளவு கண்டுபிடிக்கலாம். பேரலின் பின்வாயில் பெல்லட்டை வைத்துக் கட்டைவிரலால் மெல்ல அழுத்துங்கள். தானாக வழுக்கி உள்ளே விழுந்தால் சின்னது. நகம் வெளுக்கும்படி அழுத்த வேண்டியிருந்தால் பெரிது. லேசான பிடிப்போடு உட்கார்ந்து, விளிம்பு பேரலோடு சமமாக நிற்பதுதான் நல்லது. இது முதல் வடிகட்டல்தான், தீர்ப்பு அட்டையில்.

சில பேரல்களில் முன்வாய்ப் பக்கம் உள்விட்டம் ஒரு துளி குறுகும்படி செய்திருப்பார்கள். அப்படிப்பட்ட பேரல் தலை அளவில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், ஏனென்றால் எல்லாப் பெல்லட்டையும் கடைசியில் ஒரே அளவுக்கு அழுத்தித்தான் வெளியே விடும். பிடித்த மாதிரி ஸ்டாக், விசை, சைட் எல்லாம் தனித்தனியாகச் சேர்த்து ரைஃபிள் அமைத்துக்கொள்ள நினைப்பவர்கள், பணத்தை முதலில் பேரலில் போடுங்கள் என்பது என் கருத்து. ஸ்டாக்கைப் பிறகு மாற்றலாம்.

வாங்கும்போது

முதல் தடவையே ஒரே வகையில் பத்து டப்பா வாங்காதீர்கள். மூன்று அல்லது நான்கு வகை, ஒவ்வொன்றிலும் ஒரு டப்பா. ஜெர்மனியின் ஆர்.டபிள்யூ.எஸ்., எச் அண்ட் என், செக் நாட்டின் ஜே.எஸ்.பி. ஆகியவை போட்டிக்காரர்களிடம் பரவலாகப் புழங்கும் பெயர்கள். இந்தியத் தயாரிப்பில் ஒன்றையும் கண்டிப்பாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். பயிற்சிக்கு அது ஒத்துவந்துவிட்டால் வருடம் முழுக்க மிச்சம்தான். கிளப்பில் யாராவது பழகியிருந்தால் ஆளுக்கு ஐம்பது பெல்லட் மாற்றிக்கொள்ளலாம். புதிதாக வருகிறவருக்கு ஒரு பிடி பெல்லட் கொடுக்க யாரும் யோசிப்பதில்லை.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. நம் ஊரில் பெரும்பாலும் சென்னையிலிருந்தோ தபாலிலோதான் வரவழைக்க வேண்டியிருக்கிறது. எவ்வளவு நல்ல பெல்லட்டாக இருந்தாலும் அடுத்த முறை கிடைக்காது என்றால் அதைத் தேர்ந்தெடுத்து என்ன பயன்? வருடம் முழுக்கத் தடையில்லாமல் எது வரும் என்று கடைக்காரரிடம் கேட்டுவிட்டு அந்தப் பட்டியலுக்குள் தேர்ந்தெடுங்கள்.

டப்பாவைத் திறந்ததும், ஒரு இருபது பெல்லட்டை வெள்ளைக் காகிதத்தில் கொட்டி, டியூப்லைட் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பாருங்கள். முன்பக்கம் தலை, நடுவில் ஒடுங்கிய இடுப்பு, பின்பக்கம் உள்ளே குழிவான மெல்லிய ஸ்கர்ட். கெடுவது எப்போதும் ஸ்கர்ட்தான். காகிதம் போல மெலிசாக இருக்கும். கூரியர் வண்டியில் டப்பா ஒரு முறை நன்றாகக் கீழே விழுந்தால், ஓரத்தில் இருக்கும் பெல்லட்டுகளின் ஸ்கர்ட் முட்டை வடிவத்துக்குப் போயிருக்கும். பின்பக்கமிருந்து நேராகப் பார்த்தால் வட்டம் வட்டமாக இருக்கிறதா என்று உடனே தெரியும். அப்புறம், ஒரு கண்ணாடித் தகட்டைச் சற்றுச் சாய்த்து வைத்து அதன் மேல் உருட்டுங்கள். நல்ல பெல்லட் தலைப்பக்கமோ ஸ்கர்ட் பக்கமோ ஒரே வளைவில் திரும்பி இறங்கும். நசுங்கியது துள்ளித் துள்ளிப் போகும். இருபதில் நாலைந்து இப்படிப் போனால் அந்த டப்பா பயிற்சிக்கு மட்டும். நகை எடை போடும் சின்னத் தராசு கிடைத்தால் எடையும் பார்க்கலாம், ஆனால் தொடக்கத்தில் அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை.

சோதனை

இதுதான் முக்கியமான பகுதி. அவசரப்படாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையை இதற்கென்று ஒதுக்குங்கள்.

இடம் முதலில். கடலூர் ஓல்டு டவுனிலும் புதுச்சேரியின் தமிழர் பகுதியிலும் இன்னும் நிற்கும் பழைய வீடுகளில், நடையிலிருந்து முற்றம் தாண்டிக் கொல்லை வரை ஒரே நேர்கோடாகப் பத்து மீட்டர் தாராளமாகக் கிடைக்கும். இப்படி வசதி உள்ளவர்கள் கொடுத்துவைத்தவர்கள். ஆனால் அந்தக் கோட்டுக்குக் குறுக்கே திறக்கும் ஒவ்வொரு கதவையும் உள்ளே தாழ் போட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். அட்டைக்குப் பின்னால் பெல்லட்டை நிறுத்தும் பெட்டி வேண்டும். தடித்த மரப்பெட்டியில் பழைய துணியை இறுக்கி அடைத்து, அதற்கும் பின்னால் இரும்புத் தகடு. வெறும் பலகையையோ சுவரையோ நம்பாதீர்கள், ஈயம் திரும்பித் தெறிக்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் யாரும் பக்கத்தில் நிற்கக் கூடாது. மொட்டைமாடியில் சுடுவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. கைப்பிடிச் சுவரைத் தாண்டினால் அடுத்த வீட்டு மாடி. வெட்டவெளியில் கடற்காற்றும் சேர்ந்துகொள்ளும். வீட்டுக்குள்ளேயே என்றாலும் மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

ரைஃபிளை மேசை மேல் மணல் பையில் வைத்துச் சுட வேண்டும். இப்போது சோதிப்பது பெல்லட்டை, உங்கள் கையை இல்லை. பழைய ஜீன்ஸ் பேன்ட்டின் காலை வெட்டி இரண்டு பக்கமும் தைத்து மணல் நிரப்பினால் அருமையான பை. பி.சி.பி. ரைஃபிளை நேராகப் பை மேல் வைக்கலாம். ஸ்பிரிங் ரைஃபிளை அப்படி வைத்தால் ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி குதிக்கும். பை மேல் உங்கள் உள்ளங்கை, உள்ளங்கை மேல் ரைஃபிள், பிடிக்காமல் சும்மா தாங்க வேண்டும். ரைஃபிள் தன் போக்கில் பின்னால் வந்து போகட்டும். ஒவ்வொரு முறையும் ஸ்டாக்கின் அதே இடம் கையில் உட்கார வேண்டும். அதற்கு ஒரு துண்டு டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாறும்போது உடனே அளக்கக் கூடாது. முந்தைய பெல்லட்டின் ஈயப் படிவு பேரலுக்குள் இருக்கும். புதிய வகையில் பதினைந்து இருபது சும்மா சுட்டுவிட்டு, அதற்கப்புறம்தான் கணக்கு. நடுவில் பேரலைத் துடைக்காதீர்கள். சைட்டைத் தொடாதீர்கள். துளைகள் மையத்தில் விழுகின்றனவா என்பது இன்றைக்குப் பிரச்சினையே இல்லை, ஒன்றோடொன்று எவ்வளவு நெருங்கி விழுகின்றன என்பதுதான் கேள்வி.

வகைக்கு ஐந்து அட்டை, அட்டைக்கு ஐந்து குண்டு. அட்டையின் மூலையில் பெல்லட்டின் பெயர், தலை அளவு, லாட் எண் (டப்பாவில் இருக்கும் தயாரிப்புத் தொகுதி எண்) மூன்றையும் சுடுவதற்கு முன்பே எழுதிவிடுங்கள். எல்லாம் முடிந்தபின் எது எந்த அட்டை என்று நினைவு வைத்துக்கொள்ள யாராலும் முடியாது.

அட்டையைப் படிப்பது

வெர்னியர் காலிப்பரை எடுத்து, ஐந்து துளைகளில் ஒன்றுக்கொன்று அதிகம் விலகிய இரண்டின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை அளக்க வேண்டும். அதில் பெல்லட்டின் விட்டமான 4.5ஐக் கழித்தால், மையத்திலிருந்து மையத்துக்கு உள்ள தூரம் வரும். இதைத்தான் குரூப் என்பார்கள். வெளி அளவு 8.5 என்றால் குரூப் 4 மில்லிமீட்டர்.

இதை எதோடு ஒப்பிடுவது? சர்வதேசப் பத்து மீட்டர் அட்டையில் பத்து என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி. அந்தப் புள்ளியைப் பெல்லட் துளையின் விளிம்பு தொட்டாலே பத்து. ஆகப் பெல்லட்டின் நடு, அட்டையின் நடுவிலிருந்து 2.5 மில்லிமீட்டருக்குள் விழுந்தால் போதும். அதிலிருந்து ஒவ்வொரு கால் மில்லிமீட்டர் உள்ளே போகும்போதும் ஒரு பதின்மப் புள்ளி கூடும். 10.5 வாங்க 1.25 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கத்தை உறுதிசெய்த கடைசிக் குண்டு 10.8. அப்படியென்றால் நடுவிலிருந்து அரை மில்லிமீட்டருக்குள்தான் விலகல். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு உங்கள் அட்டையைப் பாருங்கள். குரூப் 5 மில்லிமீட்டருக்குள் இருந்தால், நடுவில் கொண்டுவந்து நிறுத்தினால் அந்தப் பெல்லட் ஏறக்குறைய எல்லாவற்றையும் பத்தாக்கும் தகுதி உள்ளது. 3க்குள் வந்தால் பதின்மப் புள்ளிகளுக்காகப் போராடலாம். தொடக்க நிலை ஸ்பிரிங் ரைஃபிளில் 8, 9 வந்தாலும் மனம் தளர வேண்டாம், ஒரு வருடப் பயிற்சிக்கு அது போதும்.

ஐந்து அட்டையில் சிறந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு சந்தோஷப்படுவது எல்லோருக்கும் வரும் ஆசை. கூடாது. ஐந்தின் சராசரிதான் கணக்கு. ஒரு குண்டு தனியாக ஓடிப்போயிருந்தால், "விசை இழுக்கும்போதே கை ஆடிவிட்டது" என்று அட்டையைப் பார்ப்பதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்திருந்தால் மட்டும் கழிக்கலாம். பார்த்தபின் காரணம் தேடினால் அது கணக்கு ஆகாது.

மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டு நடையில் இப்படிச் சோதித்த ரைஃபிள் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். விலை அதிகமான டப்பா, தபாலில் வந்தது, பஞ்சுப் பொதிக்குள் ஒவ்வொன்றாக அடுக்கியது. அதன் ஐந்து அட்டைகளிலும் துளைகள் குறுக்கில் நெருங்கி, நெடுக்கில் நீண்டு கிடந்தன. அதற்குப் பாதி விலைப் பெல்லட், தலை 4.50, ஒரே துளை கொஞ்சம் பெருத்தது போல விழுந்திருந்தது. வீட்டுக்கார அம்மா அட்டைகளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதில் என்ன யோசனை, இதைத்தானே வாங்கணும்" என்று இரண்டாவதைக் காட்டினார். அவருக்கு டப்பாவின் விலை தெரியாது. அட்டை மட்டும் தெரிந்தது. விலையை மறந்துவிட்டு அட்டையை மட்டும் பார்ப்பதுதான் இந்தச் சோதனையின் பலம்.

எல்லா வகையும் ஒரே மாதிரி சிதறினால் பெல்லட்டைக் குறை சொல்லாதீர்கள். ஸ்டாக்கின் திருகுகளைப் பாருங்கள். ஸ்பிரிங் ரைஃபிளில் அவை அதிர்ந்து அதிர்ந்து தளர்ந்துவிடும். சைட்டின் திருகைப் பாருங்கள். மடக்கும் பேரல் மூடியபின் பக்கவாட்டில் ஆடுகிறதா என்று கையால் அசைத்துப் பாருங்கள். பேரலின் முன்வாய் விளிம்பில் கீறலோ வெட்டோ இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பெல்லட் கடைசியாகத் தொட்டுவிட்டுப் போவது அந்த விளிம்பைத்தான்.

லாட் எண்

பேரல் சொல்லிவிட்டதா? சரி, இப்போது உடனே அதே லாட்டில் முடிந்தவரை வாங்கிவிடுங்கள். டப்பாவின் அடியிலோ பக்கத்திலோ அச்சிட்டோ ஒட்டியோ இருக்கும் எண்தான் அது. ஒரே பெயர், ஒரே தலை அளவு என்றாலும் வேறு லாட் என்றால் வேறு அச்சில் அழுத்திச் செய்ததாக இருக்கலாம். அச்சு தேயும், மாறும். தபாலில் வரவழைக்கும்போது லாட் எண்ணை எழுதிக் கேளுங்கள், முதல் முறை சிரித்தாலும் அடுத்த முறை எடுத்து வைத்திருப்பார்கள். போட்டிக்கு ஒரு வகை, பயிற்சிக்கு மலிவான இன்னொரு வகை என்று இரண்டாக வைத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் போட்டிக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே போட்டிப் பெல்லட்டுக்கு மாறிவிட வேண்டும்.

நம் கடற்கரையில் பாதுகாப்பது

உப்புக் காற்று இரும்பையும் விடாது, ஈயத்தையும் விடாது. டப்பா திறந்தபடி கிடந்தால் பெல்லட்டின் மேல் வெள்ளைப் பொடி பூக்கும். பூத்த பெல்லட்டைச் சுடாதீர்கள், அந்தப் பொடி உடம்புக்கும் ஆகாது, பேரலுக்கும் ஆகாது. டப்பாவுக்கு ஜிப் உள்ள பிளாஸ்டிக் உறை, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் பொட்டலத்தை மாதம் ஒரு முறை மாற்றுங்கள். டப்பாவில் பாதி காலியானதும் மேலே ஸ்பாஞ்ச் துண்டு ஒன்றை வைத்து மூடினால் ஸ்கூட்டரில் போகும்போது குலுங்காது.

பேரலின் வெளிப்புறத்துக்கு மெல்லிய எண்ணெய்ப் பூச்சு சரி. ஸ்பிரிங் ரைஃபிளின் காற்றறைக்குள் தேங்காய் எண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ விடவே கூடாது. அழுத்தத்தில் அது பற்றிக்கொண்டு வெடிக்கும், சீல் போகும். பி.சி.பி. சிலிண்டரின் இணைப்புகளில் சாதாரண எண்ணெய் இன்னும் ஆபத்து. சிலிண்டரின் மேல் பொறித்திருக்கும் காலாவதித் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள், தேதி தாண்டியதைப் போட்டியில் விட மாட்டார்கள்.

ஈயம் விஷம். வேகமாக நிரப்பலாம் என்று பெல்லட்டை வாயில் கவ்விக்கொள்ளும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. பிள்ளைகள் பார்த்துப் பழகுவதற்குள் அதை நிறுத்துங்கள். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் டீயோ வடையோ. பெட்டியில் சேர்ந்த ஈயத் துண்டுகளைக் குப்பையில் கொட்டாமல் ஒரு டப்பாவில் மூடிச் சேர்த்துவைத்து, பழைய உலோகம் வாங்குபவரிடம் ஈயம் என்று சொல்லிக் கொடுங்கள். பெருக்கும்போது ஈரத்துணியால் துடைப்பது நல்லது, விளக்குமாறு தூசியைக் கிளப்பும்.

கடைசியாக ஒரு நோட்டு. தேதி, பெல்லட், தலை அளவு, லாட், ஐந்து குரூப்களின் சராசரி, சுட்ட மொத்தக் குண்டு. இவ்வளவு எழுதினால் போதும், அளந்த அட்டைகளையும் அதிலேயே ஒட்டிவையுங்கள். கடலூர் அண்ணா விளையாட்டரங்கிலோ புதுச்சேரி உப்பளம் இந்திரா காந்தி விளையாட்டரங்கிலோ போய்ப் பக்கத்தில் எங்கே பயிற்சி நடக்கிறது என்று விசாரித்துக் கிளப்பில் சேரும்போது, அந்த நோட்டைக் கையில் கொண்டுபோங்கள். பயிற்சியாளர் முதலில் கேட்கப்போகும் கேள்விகளில் பாதிக்கு அதில் பதில் இருக்கும். கையிருப்பு இரண்டு டப்பாவுக்குக் கீழே வந்து, அதே லாட் தீர்ந்துவிட்டது என்று கடையில் சொன்னால், கிடைக்கிற புது லாட்டில் ஒரு டப்பா மட்டும் வாங்கி, பழையதில் மிச்சம் இருக்கும்போதே பக்கத்தில் பக்கத்தில் வைத்து மறுபடி அளந்துவிடுங்கள்.